கோடும் வளைவும்

கணிதம் என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் வாடும் பிள்ளைகள் பல வீடுகளில் உளர். இலக்கங்களுக்கிடையே எழுத்துக்களும் வந்து நின்றால் அவர்களது அச்சம் இரட்டிக்கின்றது. இவ்வச்சத்தைத் தணிக்கும் வழி எதுவென நம்மைக் கேட்பின், வரைபுத்தாளும் அடிமட்டமுமே என்போம்.

சமன்பாட்டைக் கண்ணாற் காணும் இம்முறை நேற்றுப் பிறந்ததன்று. பாரசீக அறிஞர் உமர் கையாம் பதினோராம் நூற்றாண்டிலேயே, வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தைக் கொண்டு முப்படிச் சமன்பாடுகளைத் தீர்த்தார். 1637 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட் வெளியிட்ட நூல், கோட்டையும் சமன்பாட்டையும் உறவாக்கியது.

அண்மையில் ஒரு மாலை, நம் மகள் ஒரே கணக்கை மூன்றாம் முறையாக அழித்து வரைந்துகொண்டிருந்தாள். அவள் வரைந்த வளைவு எளியது: கிடையாக 1 சென்றால் மேலே 1, 2 சென்றால் 4, 3 சென்றால் 9, இடப்புறமும் அவ்வாறே. கிண்ணம் போன்ற இப்பரவளைவோடு ஒரு நேர்கோட்டையும் வரைந்து, இரண்டும் சந்திக்குமிடத்தைக் காணவேண்டும். கோட்டின் உயரமோ கிடை அளவிலும் 1 குறைந்தது.

“வெட்டுதில்லை அப்பா, எங்கேயோ பிழை விட்டிட்டன்” என்றாள்.

கோட்டின் சாய்வு மாறாது அடிமட்டத்தை உயர்த்தி, மெல்ல இறக்கிவரச் சொன்னோம். கிடை அளவிலும் உயரம் 2 கூடியிருந்தபோது அது வளைவை இரண்டிடங்களில் வெட்டியது: வலப்புறம் 2 இல், உயரம் 4, இடப்புறம் 1 இல், உயரம் 1. 1 மட்டும் கூடியிருந்தபோதும் இரண்டு புள்ளிகளே. ஆயின் வலப்புறம் ஏறக்குறைய 1.6, இடப்புறம் 0.6. இன்னும் இறக்க, புள்ளிகள் இரண்டும் நெருங்கின. உயரம் கிடை அளவிலும் கால் பங்கு குறைந்தபோது இரண்டும் ஒன்றாகி, கோடு வளைவைத் தொட்டு மட்டும் நின்றது. அதற்கும் கீழே இறக்க, கோடு விலகிப்போயிற்று. அவள் கணக்கிலிருந்த கோடு அவ்வாறு விலகிய கோடுகளுள் ஒன்றே. அவள் பிழை விடவில்லை. அதற்கு மெய்யெண்களில் விடையில்லை என்பதே சரியான விடை.

வாய்பாட்டிலே வர்க்கமூலக் குறியின் கீழ் நிற்கும் எண் நேராயின் இரண்டு விடைகள், பூச்சியமாயின் ஒன்று, மறையாயின் ஒன்றுமில்லை என மனனஞ் செய்கின்றோமே, அதன் பொருள் இவ்வளவே.

வரைபுக்கும் எல்லையுண்டு. பென்சிலின் தடிப்பு 1.6 வரையே காட்டும்; நுட்பமான விடைக்கு 5 இன் வர்க்கமூலம் வேண்டும். தாளுக்கு அப்பாலும் கோடுகள் சந்திக்கலாம். ஆதலின், பென்சிலைக் கூராக்குக. ஏழு புள்ளிகளாவது குறிக்க. வளைவை அடிமட்டத்தால் இணையாது கையால் ஒழுங்காக வரைக. கண்ட விடையை இரு சமன்பாடுகளிலும் இட்டுச் சரிபார்க்க.

விடை வராவிட்டால் தன் மூளையே மந்தம் என்று நம்பிவிடும் பிள்ளை, நாளடைவில் கணிதத்தையே கைவிட்டுவிடும். ஆகையால், “சந்திக்கவில்லை” என்று பிள்ளை சொல்லும்போது பெற்றோர் கடிந்துகொள்ளாது, தாளை வாங்கி ஒருமுறை பார்த்தல் நன்று. அது கண்டது உண்மையாகவும் இருக்கலாம்.