ராஜினாமா எழுதிக் கொடுக்குமுன்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா போனதிலிருந்து ராத்திரியில் சாவு பயம் வந்து உலுக்குகிறது, வேலையை விட்டுவிட்டுத் திருவண்ணாமலையிலேயே தங்கிவிடலாமா என்று எழுதியிருந்தாய். 'நான் யார்?' புத்தகம் தலைமாட்டிலேயே இருக்கிறதாமே. நல்லது. அதை எழுதிக்காட்டிய ரமணர் வாழ்ந்த விதத்தையும் சேர்த்துப் பார்.

இதே பயம் 1896 ஜூலையில் மதுரையில், அப்போது 16 வயது வேங்கடராமனாக இருந்த அவருக்கும் வந்தது. அவருடைய அப்பா இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. சித்தப்பா வீட்டு மாடியில் தனியாக இருந்தபோது, நோய்நொடி எதுவும் இல்லாமலே, சாகப்போகிறோம் என்று ஒரு கிலி. அவர் யாரையும் கூப்பிடவில்லை. கைகாலை விறைப்பாக நீட்டி, மூச்சை அடக்கி, உதட்டை இறுக மூடிப் பிணம்போலப் படுத்துக்கொண்டார். இந்த உடம்பைக் கொண்டுபோய்ச் சுட்டால் நானும் போய்விடுவேனா என்று உள்ளே பார்த்தார். உடம்பு கட்டையாகக் கிடக்க, 'நான்' என்ற உணர்வு மட்டும் மங்காமல் நின்றது. பயம் அன்றோடு போயிற்று.

ஆகஸ்ட் 29-ல் வீட்டை விட்டுக் கிளம்பினார். அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று கொடுத்த 5 ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதியை ஒரு சீட்டோடு வைத்தார். 'நான்' என்று தொடங்கிய சீட்டில், போகப்போகத் தன்னை 'இது' என்று குறிப்பிடுகிறார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வெறும் கோடு.

அவர் போகலாம், நான் போகக்கூடாதா என்பாய். அவரிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள். அதெல்லாம் அவரவர் பிராரப்தம், முன்வினைப் பயன் என்றார். துறவுக்கு அனுமதி கேட்டு வந்தவர்களை அவர் ஊக்கப்படுத்தியதில்லை. இல்லறத்தான் என்ற நினைப்பு போய், சன்னியாசி என்ற நினைப்பு வந்து உட்காரும்; மனசு எங்கே போனாலும் கூடவே வரும் என்பார்.

அந்தப் புத்தகம் சொல்லும் ஆன்ம விசாரம் என்றால் 'நான் யார், நான் யார்' என்று ஜபிப்பது என்று நினைத்துவிடாதே. பயம் எழும்போதே, இது யாருக்கு என்று பார். எனக்கு. சரி, அந்த 'நான்' எங்கிருந்து கிளம்புகிறது? அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகவேண்டியதுதான். சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் வந்து கேட்டபோது, ரமணர் பேசாமலிருந்த காலமாதலால் எழுதிக்காட்டிய வழி இது. இதற்கு உன் ஆபீஸ் எப்படிக் குறுக்கே நிற்கும்? அவரே ஆசிரமத்தில் விடியுமுன் எழுந்து சமையற்கட்டில் காய் நறுக்கியவர். அச்சுத்தாளில் மிஞ்சிய வெள்ளைப் பகுதியைக்கூட வீணாக்காமல் வெட்டித் தைத்து நோட்டாக்கியவர். பந்தியில் தனக்கென்று ஒரு பண்டம் கூடுதலாக விழுந்தாலும் பொறுக்கமாட்டார். வேலையை அத்தனை மதித்தவரிடம் போய் வேலையை உதறுவதற்கு ஆதாரம் தேடாதே.

இன்னொன்று. உறவை அறுத்துக்கொண்டு போனவர் என்று எல்லோரும் நினைக்கும் அவரிடமே கடைசியில் அம்மா அழகம்மாள் வந்து சேர்ந்தார். 1922 மே 19 அன்று அந்த அம்மாளின் உயிர் பிரியும்வரை, ஒரு கையை மார்பிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி மணிக்கணக்காகப் பக்கத்திலேயே இருந்தார். இதை எத்தனை தரம் படித்தாலும் எனக்குக் கண் கலங்கும். நம் அம்மாவும் இப்போது அப்பா இல்லாத வீட்டில் ராத்திரியெல்லாம் தனியாகத்தான் விழித்துக்கொண்டிருக்கிறாள் தம்பி.

ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்காதே. நாலு நாள் லீவு போட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வா. நானும் வருகிறேன். என்றைக்கு என்று முடிவு செய்து போன் பண்ணு.

அன்புடன்,
அக்கா