எந்திரிக்கச் சொன்ன குரல்

பரீட்சைன்னாலே எனக்கு வயிறு கலக்கும். கை வேர்த்துப் பேனா வழுக்கும். கல்லூரியில் படிக்கும்போது ஒரு மனநல ஆலோசகர் ஹிப்னாடிசம் செய்தார். அது தூக்கமில்லை. கண்ணை மூடி, மூச்சைக் கவனித்து, அவர் சொல்லச் சொல்லப் பரீட்சை அறைக்குள் மனசாலேயே நடந்து போனேன். நாலஞ்சு தடவையில் நடுக்கம் குறைந்தது.

ஆனால் பயத்தோட வேர், அவரோடு உட்கார்ந்து பேசப் பேசத்தான் தெரிந்தது. ஆறாம் வகுப்பில் உதவித்தொகை ஃபாரத்துக்காக, "எஸ்சி பசங்கெல்லாம் எந்திரிங்க"ன்னார் வாத்தியார். எழுந்து நின்னோம். "உங்களுக்கென்னடா, பாஸ் மார்க் போதும்"னார். வகுப்பே சிரித்தது. கேள்வித்தாளைத் தொட்டால் எனக்குக் கேட்டது அந்தச் சிரிப்புதான்.

இது என் மனக்கோளாறு மட்டுமில்லை. உத்தரப்பிரதேசத்தில் கிராமத்துச் சிறுவர்களிடம் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. புதிர்ப்பாதைகளைத் தீர்க்கச் சொன்னார்கள். சாதியை வெளியே சொல்லாதபோது மேல்சாதிப் பிள்ளைகளுக்குச் சமமாகவே தலித் பிள்ளைகளும் தீர்த்தார்கள். எல்லார் முன்னாலும் சாதியைச் சொன்னதும் பின்தங்கினார்கள்.

ஹிப்னாடிசம் வேணாங்கல. நடுங்குற கைக்கு அது ஆறுதல். நம்ம பிள்ளைகளுக்கும் கெடைக்கணும். ஆனா பிள்ளைக்கு மட்டும் வைத்தியம் பார்த்தாப் போதுமா? எந்திரிக்கச் சொல்ற வாத்தியாரை என்ன பண்றது?