தீபாவளிக்கு வந்த பனி

2011-ல் தீபாவளி அக்டோபர் 26. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு பக்கம் குடியிருந்தோம். பேத்தியைப் பார்க்க அபிராமத்திலிருந்து அம்மா வந்திருந்தார். 29-ம் தேதி சனிக்கிழமை பனி கொட்ட ஆரம்பித்தது. டிசம்பரில் வரவேண்டியது! மரங்களில் இலைகூட உதிரவில்லை. மொட்டைக் கிளையில் பனி அவ்வளவாக நிற்காது. இலை இருந்தால் அத்தனையையும் தாங்கும். அதுவும் ஈரப் பனி. ராத்திரி முழுக்க மடார் மடாரென்று கிளைகள் முறிந்தன. கனெக்டிகட் மாநிலத்தில் மட்டும் 8 லட்சம் இணைப்புகளுக்கு மேல் கரண்ட் போனது. எங்களுக்குத் திரும்பி வர ஆறு நாள்.

ஹீட்டர் கேஸில்தான் எரியும். ஆனால் அதன் விசிறி சுற்றக் கரண்ட் வேண்டுமே! குழந்தையின் விரல்கள் சில்லிட்டன. கருவேலங்கரி அடுப்பில் சமைத்துப் பழகிய அம்மா, தோட்டத்துக் கரியடுப்பை உள்ளே கொண்டுவரச் சொன்னார். என் கணவர் அதைத் தூக்குவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டி கத்திக்கொண்டே ஓடிவந்தார். அடைத்த வீட்டில் கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அந்த வாரம் அப்படியே சிலர் இறந்தார்கள்.

"நம்ம ஓட்டு வீட்டுல காத்து போக வழி இருக்கும்டி" என்றார் அம்மா, முகம் வெளுத்து.

நாலு பேரும் ஒரே அறையில், பாப்பாவை நடுவில் போட்டுப் படுத்தோம். காலையில் காரில் சார்ஜ் போட்டு ஊருக்குப் பேசினால், அம்மா கேட்ட முதல் கேள்வி: "கண்மாய்க்குத் தண்ணி வந்துருச்சா?"