நம்மூரின் உணவு எது?

உணவைப் பற்றி எழுதுவது கற்றறிந்தோர்க்கு அழகன்று என எண்ணுவோர் நம்மிடையே உளர். நமக்கு அக்கருத்தில் உடன்பாடில்லை. தொழுகையின் நேரங்களைக் கற்பிக்கும் அதே ஃபிக்ஹு நூல்கள்தாம் தானியத்தின் அளவுகளையும் கற்பிக்கின்றன. வானம் பார்த்த நிலத்தின் விளைச்சலில் ஏழைக்குரியது பத்தில் ஒரு பங்கு. இறைத்துப் பாய்ச்சிய நிலத்தின் விளைச்சலில் இருபதில் ஒரு பங்கு. உழவனின் செலவு கூடுமிடத்தில் அவன் கடமை குறைகிறது. களத்துமேட்டுக்கும் ஏழையின் வயிற்றுக்கும் இடையிலுள்ள வழியை மார்க்கம் இவ்வளவு கூர்ந்து நோக்கியிருக்க, அவ்வழியைப் பற்றி நாம் பேசாதிருப்பது முறையாகாது.

அண்மைக்காலமாகப் பெருநகரங்களில் ‘பண்ணையிலிருந்து மேசைக்கு’ என்றொரு பேச்சு நடமாடுகிறது. அருகிலுள்ள நிலத்தில் விளைந்ததை, விளைந்த பருவத்திலேயே வாங்கிச் சமைத்துப் பரிமாறுவது என்பது அதன் பொருள். அமெரிக்காவின் பெர்க்லி நகரில் ஆலிஸ் வாட்டர்ஸ் என்னும் பெண்மணி 1971-இல் தொடங்கிய ‘ஷே பனீஸ்’ என்ற உணவகம் இம்முறைக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. ஆனால் புகழோடு விலையும் ஏறிற்று. இன்று அங்கே ஒருவேளை உண்பது உழைப்பாளி ஒருவருக்கு எட்டக்கூடிய செயலன்று.

பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து வழக்கம் வேறு. அங்கே ‘பூஷோன்’ எனப்படும் சிறு உணவகங்கள் உண்டு. அந்நகரின் பட்டு நெசவாளர்கள் பசியாறிய எளிய கடைகளின் வழியில் வந்தவை அவை. வெண்ணிறப் பாற்கட்டியில் பூண்டும் பச்சிலைகளும் கலந்த ஓர் எளிய உணவுக்கு ‘நெசவாளியின் மூளை’ என்று அங்கே பெயர். அக்கடைகளில் பரிமாறப்படும் பன்றியிறைச்சியும் மதுவும் நமக்கு ஆகாதவை. எனினும் உழைப்பாளியின் உணவே ஒரு நகரின் பெருமையாக நிலைபெற்றதை நாம் கருதிப் பார்க்கலாம். அதே நாட்டின் வோஷ் மலைப்பகுதியில் உழவர்கள் தம் பண்ணை வீட்டிலேயே வழிப்போக்கர்க்கு உணவு சமைத்து விற்கின்றனர். பரிமாறுவதில் பெரும்பகுதி அவர்தம் நிலத்திலும் தொழுவத்திலும் கிடைத்ததே.

இவற்றையெல்லாம் படித்தபோது நமக்கு நம் கரிசல் மண்ணின் நினைவு வந்தது. ஓட்டப்பிடாரத்தில் குடியிருந்து, தூத்துக்குடியில் ஓதிக்கொடுத்து வருபவர் நாம். இந்த மண்ணில் ஐப்பசி மழையை நம்பி விதைத்துத் தையிலும் மாசியிலும் அறுக்கின்றனர். கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு ஆகியன இம்மண்ணின் பழைய செல்வங்கள். கோவில்பட்டியில் 1901-இல் தொடங்கப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிலையம் இன்றும் இம்மானாவாரிப் பயிர்களை ஆய்ந்து வருகிறது. கடற்கரையில் கருவாடு, உப்பளத்தில் உப்பு, விளாத்திகுளத்தில் மிளகாய், உடன்குடியில் கருப்பட்டி என, ஒரு நல்ல உணவுக்கு வேண்டியன யாவும் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு நீரிழிவு கண்டது. மருத்துவர் அரிசியைக் குறைத்துக் கம்பும் சோளமும் உண்ணுமாறு பணித்தார். கரிசல் காட்டில் குடியிருப்போர்க்கு இதிலென்ன சிரமம் என்றே எண்ணினோம். பகலுணவை வெளியில் உண்ண நேரும் நாள்களில் கடைகடையாக ஏறி இறங்கினோம். எங்கும் பரோட்டா, எங்கும் வெளியூர் அரிசிச் சோறு. தூத்துக்குடியின் பெருங்கடையொன்றில் கம்பு கிடைத்தது. பளபளக்கும் உறையில், அரிசியைவிடக் கூடிய விலையில்! கம்பு விளையும் காட்டின் நடுவே கம்பஞ்சோறு கிடைக்கவில்லை. கிடைத்த இடத்திலும் கூலியாள் வாங்கும் விலையில் இல்லை.

பின்னர் ஓட்டப்பிடாரம் சாலையோரத்தில், கீற்றுக் கொட்டகையொன்றில், அறுபது வயது கடந்த ஆச்சி ஒருவர் நடத்தும் கடையைக் கண்டோம். பெயர்ப்பலகை கிடையாது. ஒருநாளைக்கு ஒரே உணவுதான். ஒருநாள் கம்பஞ்சோறு, மறுநாள் சோளச்சோறு, அடுத்த நாள் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்ட உளுந்தங்களி. சோற்றுக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, அந்தப் பருவத்துக் கீரையோ கொத்தவரையோ, மோர் மிளகாய். இறைச்சி சமைப்பதில்லையாதலால் நமக்கும் தயக்கமில்லை. விலை நாற்பது ரூபாய். கட்டட வேலையாள்கள், காற்றாலை வேலைக்கு வந்தோர், சுமையுந்து ஓட்டுநர்கள் என நண்பகலில் இடம் நிரம்பிவிடும். இரண்டு மணிக்குச் சட்டி கழுவிக் கவிழ்த்தாகிவிடும்.

இந்த விலை எவ்வாறு கட்டுபடியாகிறது என்று ஒருநாள் வினவினோம்.

“இடையில ஆளு கெடையாது வாத்தியாரய்யா, அதான்” என்றார் ஆச்சி. “மாசியில களத்துக்கே போய் அளந்துக்கிடுவேன். வருசத்துக்கு வேண்டியத நொச்சியும் வேப்பெலயும் போட்டுக் குலுக்கையில கொட்டி வச்சிருவேன். ஒரே சமையலு, மிச்சம் விழாது, வீணாப் போகாது.”

கணக்கு எளிது. ஏற்றுகூலியும் தரகும் உறையின் விலையும் அவர் கடையில் இல்லை. பத்து வகை சமைத்து ஐந்தை வீணாக்கும் வழக்கமும் இல்லை. உழவருக்கு வணிகர் தருவதைவிடச் சற்றே கூடுதலாகத் தருகிறார். உண்பவரிடம் உணவகத்தார் பெறுவதைவிடக் குறைவாகப் பெறுகிறார். இரண்டுக்கும் இடையில் தம் வயிற்றுக்கும் வழி காண்கிறார். லியோன் நகரத்தார் கண்டதும் இதுவே.

ஆனால் ஆச்சியின் முகத்தில் கவலையும் இருந்தது. அவருக்குத் தானியம் தருபவர் மூவர்; அவருள் ஒருவர் மக்காச்சோளத்துக்கு மாறிவிட்டார். “வெளயிறது இங்ஙன, திங்கிறது நாமக்கல்லு கோழி. இன்னும் ஒருத்தரு மாறிட்டாருன்னா கடைய அடைச்சிர வேண்டியதுதான்” என்றார்.

அந்த உழவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. கம்புக் கதிரில் குருவி இறங்கும். காவலுக்கு ஆள் வேண்டும். குதிரைவாலியின் உமியை நீக்குவது பெரும்பாடு. மக்காச்சோளத்துக்கோ களத்திலேயே கோழித்தீவன வணிகர் காத்திருக்கிறார். உண்பவர் பக்கத்திலும் காரணம் உண்டு. ஒரு தலைமுறைக்கு முன் கரிசல் மக்களுக்கு நெல்லுச்சோறு திருநாள் உணவு. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் பங்கீட்டுக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அதனால் பல அடுப்புகளில் பசி நீங்கிற்று. அதனைக் குறைத்துப் பேசுவோர் பசியறியாதவர். 2013-இல் தொடங்கிய அம்மா உணவகங்களில் சாம்பார் சோறு ஐந்து ரூபாய்க்குக் கிடைத்ததும் நன்மையே. ஆயினும் அங்கே மலிவு உண்டேயன்றி, அருகிலிருக்கும் வயலுக்கு அதனால் வாழ்வில்லை. பெருநகரத்துப் புதுமை உணவகங்களிலோ வயலின் பெயர் உண்டு, மலிவு இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்திருப்பது அந்தக் கீற்றுக் கொட்டகைதான்.

ரமலானுக்கு முன் ஆண்டுதோறும் மாணவர்க்கு ஃபித்ராவின் பாடத்தை நடத்துவோம். ஷாஃபி மத்ஹபின் நூல்கள், ஃபித்ராவை ‘கூத்துல் பலத்’, அதாவது அவ்வூரார் பெரிதும் உண்டு வாழும் தானியத்திலிருந்து ஒரு ஸாவு அளவு கொடுக்கச் சொல்கின்றன. இந்தக் ‘கூத்’ நம் தமிழ்க் கூத்தன்று; உடலைத் தாங்கி நிறுத்தும் உணவு என்று பொருள். இறைவனின் திருநாமங்களுள் ஒன்றான ‘அல் முகீத்’ என்பதும் இதே வேரில் பிறந்தது. அவ்வாறு விளக்கிக்கொண்டிருந்தபோது, “ஹஜரத், நம்மூரின் கூத் எது?” என்று ஒரு மாணவர் கேட்டார். அரிசி என்றோம். சட்டப்படி அதுவே விடை. “ஆனால் அரிசி நம்மூரில் விளையவில்லையே?” என்றார் அவர். ஊரார் உண்பதுதான் கணக்கு, விளைவதன்று என விளக்கினோம். விடை சரியே, எனினும் அவ்வினா நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. நம் பாட்டனார் காலத்தில் இதே பாடத்துக்குக் கம்பு என்றும் சோளம் என்றும் விடை சொல்லியிருப்பர். அந்நாளில் விளைவதும் உண்பதும் ஒன்றாகவே இருந்தன.

விளைவதும் உண்பதும் பிரிந்துபோனால் வரும் கேடு என்ன? 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் நம் மாவட்டம் அதனைக் கண்கூடாகக் கண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. சாலைகள் அறுந்தன, சரக்கு வரவில்லை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோயிற்று. அப்போது அவர்களுக்கு உணவளித்தவர்கள் அருகிலிருந்த புதுக்குடிச் சிற்றூரின் மக்கள். தம் வீடுகளில் இருந்த அரிசியையும் பருப்பையும் ஒன்றுசேர்த்துக் கோயிலில் வைத்துச் சமைத்துப் பரிமாறினர். தொலைவிலிருந்து வரும் உணவு சாலை உள்ளவரைதான் வரும். அண்டை வீட்டுக் குதிரில் இருப்பதே ஆபத்தில் கைகொடுக்கும்.

நமக்கு அருகில் வேறொரு முன்மாதிரியும் உண்டு. பெருந்தலைவர் காமராசர் 1956-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கான மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது இங்கிருக்கும் எட்டயபுரத்திலேயே. அக்காலத்தில் ஊர்மக்கள் பொருளும் தானியமும் தந்து அதனைத் தாங்கினர். ஊரின் தானியம் ஊர்ப்பிள்ளையின் தட்டுக்கு வந்தது. இதனை அரசு மட்டுமே செய்ய இயலும் என்று நாம் கைகட்டியிருக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதை நினைவூட்டுகிறோம்.

நம் சமுதாயத்தின் கையிலேயே ஒரு கருவி இருக்கிறது. ரமலானில் ஒவ்வொரு பள்ளிவாசலிலும் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறோம். பலர் தருவதை ஓர் அண்டாவில் சேர்த்து, சமயம் பாராது வருவோர்க்கெல்லாம் வழங்குகிறோம். எஞ்சிய பதினொரு மாதமும் அவ்வண்டாக்கள் கவிழ்ந்தே கிடக்கின்றன. வாரத்தில் ஒருநாளேனும் அவற்றை நிமிர்த்தி, கரிசல் தானியத்தில் ஓர் உணவு சமைத்து, அடக்க விலைக்கே எல்லார்க்கும் விற்கலாம். இலவசம் வேண்டாம், உழைப்பவர் தம் காசில் நிமிர்ந்து அமர்ந்து உண்ணும் விலையே போதும்.

தானியத்துக்கு என்ன செய்வது என்பீர்கள். அதற்கும் ஃபிக்ஹில் வழியுண்டு. விலையை முன்கூட்டியே முழுதும் கொடுத்து, பொருளைக் குறித்த நாளில் பெறும் ‘ஸலம்’ என்னும் ஒப்பந்தம் அது. பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ளோர் இவ்வாறு கொடுக்கல் வாங்கல் செய்துவந்ததைக் கண்டு, அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்கவேண்டுமென்று நெறிப்படுத்தினார்கள். இன்னாருடைய இந்த வயலின் விளைச்சல் என்று கட்டக்கூடாது. அந்த வயல் பொய்த்துப்போகலாம். இவ்வகைக் கம்பு, இத்தனை மூட்டை, இந்த மாதம் என்று பேசிக்கொள்ளவேண்டும். விதைப்புக்கு முன் கையில் பணம் கிடைத்தால் உழவர் வட்டிக்காரரின் வாசலை மிதிக்கமாட்டார். கம்புக்கும் வாங்குபவர் உண்டு என்ற துணிவோடு விதைப்பார்.

அப்பணத்தை எங்கே திரட்டுவது? இவ்வூரில் 1872-இல் பிறந்த வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, ஒரு பங்கின் விலை 25 ரூபாய்தான். ஹாஜி முகமது பக்கீர் சேட் அவர்கள் 8,000 பங்குகள், அதாவது இரண்டு இலட்சம் ரூபாய்க்கு வாங்கித் துணைநின்றார். சிறு பங்குகள் சேர்ந்து கடலில் கப்பல் விட்ட மண்ணில், பத்து மூட்டைக் கம்புக்குப் பங்கு சேர்ப்பது அரிதாகுமா?

அண்மையில் இக்கருத்தை நம் மஹல்லா அன்பர்கள் சிலரிடம் எடுத்துரைத்தோம். “கம்பஞ்சோற்றை இக்காலத்தில் யார் உண்பார்?” என்றார் ஒருவர். மறுநாள் நண்பகலில் அவரை ஆச்சியின் கடைக்கு அழைத்துச் சென்றோம். உட்கார இடமில்லாமல் இருவரும் கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். உண்டு எழுந்ததும் அவர் ஒன்றும் பேசவில்லை. தம் பங்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டார்.

புரட்டாசி பிறந்தால் விதைப்புக்கு நிலம் ஆயத்தமாகும். ஆச்சிக்குத் தானியம் தரும் மற்ற இருவரிடமும் அதற்குள் பேசிவிட எண்ணியுள்ளோம். நல்லது நடக்குமாயின், இன்ஷா அல்லாஹ், வரும் மாசியில் கரிசல் கம்பு நம் பள்ளிவாசல் வாசலில் வந்து இறங்கும். நம்மூரின் கூத் எது என்று கேட்ட அம்மாணவரையே அன்று அளந்து கொட்ட அழைப்போம்.