கவட்டைக் கல்லும் விட்வொர்த் குண்டும்

மெஷின் டிராயிங்ல விட்வொர்த் த்ரெட் வரைஞ்சிருப்பீங்க. 55 டிகிரி. மறந்திருந்தா பரவாயில்லை, நானும் மறந்துட்டேன். அதே ஜோசப் விட்வொர்த் 1850கள்ல ஒரு துப்பாக்கியும் செஞ்சார்னு எங்க மினி ப்ராஜெக்ட்டுக்காகத் தேடும்போதுதான் தெரிஞ்சது. வாய் வழியா மருந்தையும் குண்டையும் போட்டு இடிக்கிற மஸில்லோடர். அதுல தூரமா சுட எந்தக் குண்டு நல்லது? இதுதான் எங்க தலைப்பு. வெறும் ட்ராக் ஃபோர்ஸ் கணக்குதான், யாரும் துப்பாக்கியைத் தொடலை.

என் பதில் ரெடியா இருந்தது: உருண்டைக் குண்டு. 0.490 அங்குல ஈய உருண்டை 177 கிரெயின், அதாவது பதினொன்றரை கிராம். வினாடிக்கு 2000 அடி வேகத்துல கிளம்பும். விட்வொர்த்தோட நீளக் குண்டு 530 கிரெயின், 34 கிராம். கிளம்புறதே சுமார் 1300 அடியிலதான். வேகமா கிளம்புறதுதானே தூரம் போகும்?

என் பார்ட்னர் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். "டேய், கவட்டைல அடிச்சிருக்கியா? காஞ்ச மண் உருண்டை சர்ருனு கிளம்பும், பாதில செத்துடும். அதே சைஸ் கல்லு மெதுவா கிளம்பி மரத்தைத் தாண்டும்"னான். நான் சிரிச்சேன். "ரிவியூல இதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லுவ?"ன்னு கேட்டேன். அதுக்கப்புறம் அவன் பேசலை. ஸ்லைடு எல்லாம் நானே போட்டேன்.

ரிவியூவுக்கு முந்தின ராத்திரி ப்ரோக்ராம் ஓடுச்சு. 100 கஜம் பக்கத்துலயே ரெண்டு கோடும் சேர்ந்துடுச்சு. அதுக்கப்புறம் உருண்டை கீழ, நீளக் குண்டு மேல. சைன் தப்பாயிருக்கும்னு மூணு தடவை பார்த்தேன். தப்பு அங்க இல்லை. காத்து மோதுற முகப்பு ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. எடை மட்டும் மூணு மடங்கு. அவ்வளவு எடையை காத்தால சீக்கிரம் நிறுத்த முடியாது.

ஆனா நீளக் குண்டு சுத்திக்கிட்டே போகலைன்னா குப்புறக் கவிழும். நீளம் கூடினா இன்னும் வேகமா சுத்தணும். 1853 என்ஃபீல்டு குழல்ல 78 அங்குலத்துக்கு ஒரு சுத்து; விட்வொர்த்ல 20 அங்குலத்துக்கு ஒண்ணு. எனக்குப் பிடிச்ச சிக்கல் இனிமேதான். வாய் வழியா இறங்கணும்னா குண்டு குழலைவிடச் சின்னதா இருக்கணும். சுத்தணும்னா குழலை இறுக்கிப் பிடிக்கணும். என்ஃபீல்டு குண்டு மெத்து ஈயம், அடியில குழி. வெடிக்கும்போது விரிஞ்சு பள்ளத்தைப் பிடிச்சுக்கும். விட்வொர்த்தோ குழலையே அறுகோணமாக்கி, குண்டையும் அறுகோணமா செஞ்சார். நட்டு போல்ட்டு ஆளு, வேற எப்படி யோசிப்பார்! 1857 சோதனையில 500 கஜத்துல என்ஃபீல்டோட சராசரி விலகல் 2.24 அடி, இவரோடது 0.37. இருந்தும் ராணுவம் எடுக்கலை. அந்தச் சின்னக் குழல்ல கருமருந்துக் கரி சீக்கிரம் அடைச்சுக்கிட்டதும் ஒரு காரணம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு அவனை எழுப்பினேன். சாரி சொல்ல வாய் வரலை, கிராஃபைக் காட்டினேன். "கல்லுதானே?"ன்னு கேட்டுட்டு போர்வையை இழுத்துக்கிட்டான்.

காலையில ரிவியூல அந்தப் பகுதியைச் சொன்னது அவன்தான். தமிழ்ல, கவட்டையோட. மேடம் சிரிக்கலை, "மண் உருண்டைக்கு எடை எவ்வளவு எடுத்தீங்க?"ன்னு கேட்டாங்க. நாங்க எடுக்கவே இல்லை. நீங்க படிக்கிற இந்தக் கட்டுரையைத் திருத்தினதும் அவன்தான். 'ர', 'ற' குழப்பம் மட்டும் பதினோரு இடம்.