வேலை எங்கே நடக்கிறது?

படம் ஓடாமல் நின்றுவிட்டால் ஏதோ கோளாறு என்று யாருக்கும் தெரியும். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே கோளாறு இருந்தால்தான் கண்டுபிடிப்பது கடினம். வீட்டில் மீடியா சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். செட்டிங்ஸில் ஹார்டுவேர் டிரான்ஸ்கோடிங் தேர்வாகியிருக்கும், டிவியில் படமும் தெரியும். ஆனால் சர்வரின் ஃபேன் இரைந்துகொண்டே இருக்கும். பிராசசர் நூறு சதவீதத்தைத் தொட்டு நிற்கும். அடுத்த அறையில் இன்னொருவர் வேறொரு வீடியோவைத் திறந்ததும் இரண்டுமே திக்கத் தொடங்கும். கிராஃபிக்ஸ் சிப் செய்யவேண்டிய வேலையைப் பிராசசர் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறது என்று அர்த்தம்.

எங்கள் வீட்டு சர்வர், அலுவலகப் பயன்பாட்டிலிருந்து கழித்துவிட்ட ஒரு சின்ன டெஸ்க்டாப்பாகத்தான் தொடங்கியது. இன்டெல் ஆறாம் தலைமுறை பிராசசர், லினக்ஸ், அதன்மேல் ஒரு கன்டெய்னரில் ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர் மென்பொருள். எம்பி என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்தது ஜெல்லிஃபின். தன்னார்வலர்கள் உழைப்பில் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் நான் வைத்திருப்பவற்றில் சினிமா குறைவு. கேசட்டிலிருந்து மாற்றிய அக்காவின் கல்யாணம், அக்கா பையனின் காதுகுத்து, அப்பாவின் அறுபதாம் கல்யாணம் என்று பெரும்பகுதி குடும்ப வீடியோக்கள். அம்மா ஹால் டிவியில் பார்ப்பார். அக்கா வெளியூரிலிருந்து போனில் பார்ப்பாள்.

டிரான்ஸ்கோடிங் என்பது சாதாரண வேலை இல்லை. ஒரு 4கே ஃபிரேமில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஏறக்குறைய 25 கோடி புள்ளிகள். அத்தனையையும் பிரித்து, அளவைக் குறைத்து, வேறொரு கோடெக்கில் மறுபடி சுருக்கி, பார்ப்பவர் காத்திருக்காதபடி அனுப்ப வேண்டும். இதற்கென்றே தனிச் சுற்றுகளை இன்டெல் 2011இல் தன் பிராசசர்களுக்குள் வைத்தது. குவிக் சிங்க் என்று பெயர். கிரைண்டருக்கு மாவு அரைப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது, ஆனால் அந்த ஒரு வேலையில் அதற்கு ஈடில்லை. இந்தச் சுற்றுகளும் அப்படித்தான். குறைந்த மின்சாரத்தில், பிராசசரைத் தொந்தரவு செய்யாமல் வேலையை முடித்துவிடும்.

கோளாறு வந்ததும் டிரைவரையும் செட்டிங்ஸையும் மாற்றிப் பார்க்கத்தான் கை துடிக்கும். அதற்குமுன் கேட்க வேண்டியது, இந்த வீடியோவுக்கு டிரான்ஸ்கோடிங் தேவைதானா என்பதுதான். பார்க்கும் கருவிக்கு அந்தக் கோடெக் புரியுமென்றால் சர்வர் கோப்பை அப்படியே அனுப்பிவிடலாம். மாற்ற வேண்டியிருந்தால் அதற்கான காரணத்தை ஜெல்லிஃபினின் டாஷ்போர்டே காட்டும்: கோடெக் ஒத்துவரவில்லை, பிட்ரேட் வரம்பைத் தாண்டுகிறது, சப்டைட்டிலைப் படத்தின்மேல் பதிக்க வேண்டும். ஆடியோ மட்டும் ஒத்துவராவிட்டால் வீடியோவைத் தொடாமல் ஆடியோவை மட்டும் மாற்றினால் போதும், அது சுலபம். ஹால் டிவிக்கு ஹெச்இவிசி என்ற கோடெக் புரியும் என்பதால் அம்மா பார்க்கும் பெரும்பாலான வீடியோக்களுக்கு மாற்றமே தேவையில்லை. அக்காவின் கதை வேறு. எங்கள் இணைப்பின் அப்லோடு வேகத்துக்குள் அடங்க வேண்டுமென்றால் படத்தைச் சுருக்கித்தான் ஆக வேண்டும்.

தேவைதான் என்று உறுதியானால் அடுத்த கேள்வி, வேலை எங்கே நடக்கிறது என்பது. இதற்கு ‘இன்டெல் ஜிபியு டாப்’ என்ற சின்னக் கருவி போதும். அதில் ‘வீடியோ’ என்ற வரி இருக்கும். படம் ஓடும்போது அந்த வரியில் சதவீதம் ஏறினால் சிப் உழைக்கிறது. பூஜ்யத்திலேயே கிடந்தால், செட்டிங்ஸ் என்ன சொன்னாலும் பொருட்டில்லை, பிராசசர்தான் சுமக்கிறது.

எங்கள் சர்வரில் முதலில் அந்த வரி அசையவே இல்லை. ஜெல்லிஃபினுக்காக டிரான்ஸ்கோடிங்கைச் செய்யும் எஃப்எஃப்எம்பெக் எழுதிவைத்த லாகைத் திறந்தால் ‘பர்மிஷன் டினைட்’ என்று இருந்தது. லினக்ஸில் கிராஃபிக்ஸ் சிப்பை அணுகும் வழி, ‘ரெண்டர்டி128’ என்ற சாதனக் கோப்பு. அதைத் திறக்க ரூட்டுக்கும் ‘ரெண்டர்’ குழுவில் இருப்பவர்களுக்கும்தான் அனுமதி. கோப்பைக் கன்டெய்னருக்குள் காட்டியிருந்தும் கதவு திறக்காததன் காரணம் குழு எண். கெர்னல் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கும். வெளியே ‘ரெண்டர்’ குழுவுக்கு ஓர் எண் இருக்கும். கன்டெய்னருக்குள் அதே பெயருக்கு வேறு எண் இருக்கலாம், அந்தப் பெயரே இல்லாமலும் போகலாம். வெளியே உள்ள எண்ணைக் கன்டெய்னரின் அமைப்பில் சேர்த்து மறுபடி தொடங்கியதும் ‘வீடியோ’ வரி ஏறியது, ஃபேன் அடங்கியது. தனியாகக் கிராஃபிக்ஸ் கார்டும் போட்டிருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 128, 129 என்று இரண்டு கோப்புகள் இருக்கும், எது எந்தச் சிப்புக்கு என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும்.

அதற்குப் பிறகும் காதுகுத்து வீடியோக்களில் சில அடம்பிடித்தன. எல்லாமே ஹெச்இவிசி. பழைய போனில் எடுத்தவை சுலபமாக ஓடின, புதிய ஐபோனில் எடுத்தவை பிராசசரைத் திணறடித்தன. வேறுபாடு பிட் ஆழத்தில் இருந்தது. பழையவை 8 பிட், அதாவது ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள். ஐபோன் 12 முதல் வரும் ஹெச்டிஆர் வீடியோ 10 பிட், 1024 படிகள். ஆறாம் தலைமுறை இன்டெல் சிப்பில் 8 பிட் ஹெச்இவிசியைப் பிரிக்க முழுமையான சுற்று உண்டு, 10 பிட்டுக்கு அது ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. ‘விஏஇன்ஃபோ’ என்ற கட்டளையைக் கொடுத்தால் உங்கள் சிப் அறிந்த வடிவங்கள் வரிசையாக வரும். அந்தப் பட்டியலில் ‘ஹெச்இவிசி மெயின் 10’ இல்லையென்றால் எந்த செட்டிங்கை மாற்றியும் பயனில்லை. இல்லாத சுற்றை மென்பொருளால் உருவாக்க முடியாது. இதை ஐயமறத் தெரிந்துகொள்வது பெரிய நிம்மதி, தேடலை அந்த இடத்தில் நிறுத்திவிடலாம்.

பின்னர் இன்டெல் என்100 பொருத்திய சிறிய பெட்டிக்கு மாறினேன். 2023இல் வந்த அந்தச் சிப்பின் மின்வரம்பு 6 வாட்தான், 10 பிட் ஹெச்இவிசியும் ஏவி1ம் அதற்குப் பிரிக்கத் தெரியும். புதிய பெட்டியில் ‘ரெண்டர்’ குழு எண்ணும் வேறு, அதையும் மாற்ற வேண்டியிருந்தது. ஹெச்டிஆர் வீடியோவைச் சாதாரணத் திரைக்குக் கொண்டுவரும்போது நிறம் வெளிறாமலிருக்க டோன் மேப்பிங் தேவை. அதை நிறுத்தி வைத்தால் அக்கா கட்டியிருந்த அரக்குப் பட்டு ரோஜா நிறமாகத் தெரிந்தது. அதுவும் சிப்பிலேயே நடப்பதால் போட்ட பிறகும் வேகம் குறையவில்லை.

கடைசியாக மிஞ்சியது எழுத்து. கல்யாண வீடியோவில் இருப்பவர்களில் பலர் இன்று இல்லை. “அந்தத் தூணுக்குப் பக்கத்துல நிக்கிறது உங்க கொள்ளுத்தாத்தாவோட கடைசித் தம்பிடா” என்று அம்மா சொல்லச் சொல்ல, பெயர்களையும் உறவுமுறைகளையும் சப்டைட்டிலாக அடித்து வைத்திருந்தேன். ஒவ்வொரு பெயரும் அவரவர் பக்கத்திலேயே தெரிய வேண்டும் என்பதற்காக ஏஎஸ்எஸ் வடிவம். டிவி செயலிக்கு அந்த வடிவம் தெரியாததால் சர்வர் எழுத்தைப் படத்தின்மேல் பதித்து அனுப்பியது, திரையில் வெறும் கட்டங்களாக வந்தன. கன்டெய்னருக்குள் தமிழ் ஃபாண்ட் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழைச் சேர்த்ததும் ‘கொள்ளுத்தாத்தா’ சரியாக வந்தது. ‘கொ’வில் கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் விழ வேண்டும். அந்த ஒழுங்கைக் கவனிப்பது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம், வடிவங்களைத் தருவது ஃபாண்ட். எழுத்தை வரைவது பிராசசரின் வேலை என்பதால் சர்வர் கூடுதலாகக் கொஞ்சம் உழைக்கத்தான் செய்யும். அந்த உழைப்பு தகும்.

இத்தனை சிரமம் எதற்கு, எல்லாவற்றையும் ஒரே தடவையில் ஹெச்.264க்கு மாற்றி வைத்துவிடலாமே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. 2003இல் வந்த அந்தக் கோடெக் எல்லாக் கருவியிலும் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் படத்திலிருந்து ஏதோ ஒன்று திரும்பாமல் போகிறது. 10 பிட்டில் பதிந்த வண்ணத்தை 8 பிட்டாக்கி மூலத்தை அழித்துவிட்டால் மீட்க வழியில்லை. கேசட் வீடியோவின் இன்டர்லேஸ் கோடுகளை இன்றைய முறையில் நீக்கி வைத்துவிட்டால் நாளை வரும் நல்ல முறைக்கு வேலையில்லை. 2013இல் ஹெச்இவிசி வந்தது, 2018இல் ஏவி1 வந்தது, இன்னும் வரும். அம்மாவின் டிவியும் அக்காவின் போனும் மாறிக்கொண்டே இருக்கும். அந்தந்த நாளின் கருவிக்கு ஏற்ற பிரதியை, பார்க்கும் நேரத்தில் செய்து கொடுத்து, பார்த்து முடிந்ததும் கலைத்துவிடுவதுதான் டிரான்ஸ்கோடிங். அது ஒழுங்காக நடந்தால்தான் மூலத்தைத் தொடாமல் வைத்திருக்க முடியும். எங்கள் சர்வரில் வீடியோ கோப்புறைக்கு ஜெல்லிஃபினுக்குப் படிக்கும் அனுமதியை மட்டும் கொடுத்திருக்கிறேன், எழுதும் அனுமதி கிடையாது.