ஒரு 'ப்' படுத்திய பாடு

"லீவுல என்னடா பண்ணே?" என்று கேட்கும் கிளாஸ்மேட்டுகள் எல்லோருக்கும் சேர்த்து இந்தப் பதிவு. கொஞ்சம் டெக்னிக்கல், நிறைய புலம்பல். பொறுத்தருள்க :-)

வானகரத்தில் அப்பா ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறார். விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கேதான் டைப் ஆகும். போன மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகை, 300 பிரதி. பெண்ணின் தாத்தா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வாங்கிப் பார்த்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "தம்பி, 'இந்த பொன்னாளில்'னு போட்டிருக்கீங்களே, 'ப்' எங்கே போச்சு?" என்று கேட்டார். அவ்வளவுதான். 300 பத்திரிகையும் மறுபடி அச்சுக்குப் போயின, அப்பா செலவில்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா திட்டவில்லை. "கம்ப்யூட்டர்தானே படிக்கிறே? இதைக் கண்டுபிடிக்க ஒண்ணுமே கிடையாதா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தாலே பரவாயில்லை என்று இருந்தது.

தேடியதில் லாங்குவேஜ்டூல் கிடைத்தது. இலக்கணப் பிழை பார்க்கும் திறமூல மென்பொருள். டேனியல் நேபர் என்ற ஜெர்மானிய மாணவர் 2003-ல் தன் ஆய்வேட்டுக்காகப் பைத்தானில் எழுதியது, பிறகு ஜாவாவுக்கு மாறியது. ஆங்கிலம், ஜெர்மன் வரிசையில் தமிழுக்கும் ஒரு பகுதி உண்டு! இதைச் சும்மா பயன்படுத்த வேண்டுமென்றால் மூலநிரல் தேவையே இல்லை. ஆனால் நாமே விதி எழுதி, அது சரியா என்று சோதிக்க வேண்டுமென்றால் முழு ப்ராஜெக்டையும் நம் கணினியில் நிறுத்தியாக வேண்டும். அரை நாள் வேலை என்று நினைத்தேன். நான்கு நாள் ஆனது.

முதல் நாள் டவுன்லோடுக்கே போனது. வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது, கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான். கிட்டில் க்ளோன் செய்தால் இத்தனை வருட மாற்றங்களின் வரலாறும் சேர்ந்து இறங்கும் என்று யோசிக்கவே இல்லை. பாதியிலேயே அன்றைய டேட்டா காலி. மறுநாள்தான் 'டெப்த்' என்று ஒரு ஆப்ஷன் இருப்பது தெரிந்தது. அதில் 1 என்று கொடுத்தால் கடைசி நிலை மட்டும் வரும்.

இரண்டாம் நாள் நான் செய்தது சுத்த மடத்தனம். எக்லிப்ஸில் புது ஜாவா ப்ராஜெக்ட் ஒன்றைத் திறந்து, கோடை எல்லாம் அதற்குள் காப்பி செய்தேன். லேப் எக்சர்சைஸுக்கு அப்படித்தானே செய்வோம்? திரை முழுக்கச் சிவப்பு! பெரிய ப்ராஜெக்ட் எதுவும் தனியாக வாழாது. ஊர்ப்பட்ட ஜார் ஃபைல்களை நம்பி இருக்கும். எது எது, எந்தப் பதிப்பு என்ற பட்டியல் பாம் எக்ஸ்எம்எல் ஃபைலில் இருக்கிறது. அதைப் படித்து எல்லாவற்றையும் இறக்கிக் கொடுப்பது மேவனின் வேலை. ஆகவே 'இம்போர்ட்' போய் 'எக்ஸிஸ்டிங் மேவன் ப்ராஜெக்ட்ஸ்' தேர்ந்தெடுத்து, வேர் ஃபோல்டரைக் காட்ட வேண்டும். ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் பாதிச் சிவப்பு மறைந்திருந்தது.

மூன்றாம் நாள்தான் உண்மையான வில்லன் வந்தான். கமாண்ட் ப்ராம்ப்டில் மேவனை ஓடவிட்டால் 'இன்வாலிட் டார்கெட் ரிலீஸ்' என்று நிற்கிறது. எக்லிப்ஸில் பார்த்தால் ஜாவா புதியதாகத்தான் இருக்கிறது. மண்டை காய்ந்துபோய் சீனியர் அண்ணன் ஒருவருக்குப் போன் செய்தேன்.

"மேவன் எந்த ஜாவாவைப் பார்க்குதுன்னு செக் பண்ணியாடா?"

"எக்லிப்ஸ்ல புதுசுதாண்ணா இருக்கு."

"எக்லிப்ஸை விடுடா. ஜாவா ஹோம் எங்கே காட்டுது?"

முதல் வருட லேபுக்காகப் போட்ட ஜாவா 8-ஐக் காட்டிக்கொண்டிருந்தது! எக்லிப்ஸ் தனக்கென்று ஒரு ஜாவாவைக் கூடவே கொண்டு வருகிறது. மேவனோ ஜாவா ஹோம் என்ன சொல்கிறதோ அதைத்தான் கேட்கும். ஒரே கணினியில் இரண்டு ஜாவா, நான் ஒன்றைப் பார்த்துக்கொண்டு இன்னொன்றைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஜாவா 17 போட்டு, ஜாவா ஹோமை மாற்றினேன். எல்லா மொழிகளையும் கட்டினால் என் பழைய லேப்டாப் தாங்காது என்பதால் தமிழ்ப் பகுதியையும் அதற்குத் தேவையானவற்றையும் மட்டும் கட்டச் சொன்னேன். மேவனில் அதற்கும் வழி இருக்கிறது. 'பில்ட் சக்சஸ்' வந்தபோது மணி மூன்று. மீன் மார்க்கெட்டுக்கு லாரிகள் வரும் சத்தம் கேட்டது.

நான்காம் நாள் தமிழ் இலக்கண விதிகள் இருக்கும் எக்ஸ்எம்எல் ஃபைலைத் திறந்தேன். ஏற்கெனவே இருக்கும் விதிகளைப் பார்த்து, பழகுவதற்காக என் பிரதியில் மட்டும் நானே ஒன்று எழுதினேன். முதல் சொல் அந்த, இந்த, எந்த ஆகியவற்றில் ஒன்று. அடுத்த சொல் பகரத்தில் தொடங்குகிறது. நடுவே 'ப்' போடச் சொல். க, ச, த மூன்றுக்கும் இதே மாதிரி. ஒவ்வொரு விதியோடும் ஒரு பிழையான வாக்கியத்தை எடுத்துக்காட்டாகத் தர வேண்டும். அதை விதி பிடிக்காவிட்டால் டெஸ்ட் ஃபெயில். நம் இன்டர்னலை விடக் கறார்!

டெஸ்ட் பாஸ். பிறகு அப்பாவின் வாக்கியத்தைக் கொடுத்து, முடிவை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதச் சொன்னேன். திறந்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள். ஒரு தமிழ் எழுத்து கூட இல்லை. ஆனால் பிழை இருக்கும் இடம் மட்டும் 0 முதல் 15 வரை என்று சரியாக இருந்தது. எண்ணிப் பார்த்தேன். இ, ந, புள்ளி, த என்று கணினி எண்ணுவதுபோல் எண்ணினால் 'இந்த பொன்னாளில்' சரியாக 15. அப்படியென்றால் அது தமிழைப் புரிந்துகொண்டுவிட்டது, எழுதும்போதுதான் தொலைத்திருக்கிறது. விண்டோஸில் ஜாவா 17 வரை, நாம் எதுவும் சொல்லாவிட்டால் கணினியின் பழைய எழுத்துக் குறியீட்டில்தான் ஃபைல் எழுதும். என் கணினியில் இருந்த குறியீட்டில் தமிழுக்கு இடமே கிடையாது. 2022-ல் வந்த ஜாவா 18-இல்தான் யுடிஎஃப்-8 இயல்பானது. ஃபைலை யுடிஎஃப்-8-இல் எழுது என்று ஒரே ஒரு வார்த்தை சேர்த்தேன். 'இந்தப் பொன்னாளில்' என்று வந்தது.

லேப்டாப்பைக் கடைக்கு எடுத்துப்போய் அப்பாவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "மத்த தப்பெல்லாம் பிடிக்குமா?" என்றார். "விதி எழுதினா பிடிக்கும்பா" என்றேன். ஒன்றும் சொல்லாமல் டிராயரைத் திறந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கடை ஆரம்பித்த நாளில் இருந்து வாடிக்கையாளர்கள் சுட்டிக்காட்டிய பிழைகள், இடப்பக்கம் தப்பு, வலப்பக்கம் சரி. விதி ஃபைல் கேட்பதும் இதே இரண்டைத்தான்.

லீவில் இன்னும் பத்து நாள் இருக்கிறது. நோட்டில் நாற்பது பக்கம். ஜாவா தெரிந்தவர்கள் யாராவது வானகரம் பக்கம் வந்தால் கடைக்கு வாருங்கள், டீ என் செலவு. வரும் முன் உங்கள் ஜாவா ஹோம் எதைக் காட்டுகிறது என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் :-)